60 கிடைக்காத இடத்தில் 51: அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டங்கள் ஏன் பட்ஜெட் கதவு வழியாகவே வருகின்றன?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வாரத்துக்கு முன் எனக்கு லேஆஃப். கம்பெனிக் காப்பீடு போன மாதக் கடைசியோடு முடிந்தது. பழைய காப்பீட்டைச் சொந்தக் காசில் தொடரலாம் என்கிற கோப்ரா கடிதம் நேற்று தபாலில் வந்தது. நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் 2,140 டாலர். வேலையில் இருந்தபோது சம்பளத்தில் பிடித்தது 480 டாலர்தான். மீதியைக் கம்பெனி கட்டிக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நான் எழுத வந்தது தொகையைப் பற்றி அல்ல. கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் சட்டத்தின் முழுப்பெயர் போட்டிருந்தது: கன்சாலிடேட்டட் ஆம்னிபஸ் பட்ஜெட் ரெக்கன்சிலியேஷன் ஆக்ட், 1985. பன்னிரண்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். கோப்ரா என்பது அந்தப் பெயரின் முதலெழுத்துகள் என்று எனக்குத் தெரியாது. வேலை போனவனின் காப்பீட்டைக் காக்கிற சட்டத்தின் பெயரில் பட்ஜெட்டுக்கு என்ன வேலை?

ராத்திரி தூக்கம் வராமல் தேடிக்கொண்டிருந்தேன். 2010, 2017, 2021, 2022, 2025, எந்த வருடத்து ஹெல்த் சட்டத்தைத் தொட்டாலும் அதே ரெக்கன்சிலியேஷன். தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக விளக்குங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் விட மனசில்லை.

பழைய கணக்கு:

தம்பி, வேலை விஷயம் கேட்டு வருத்தமாக இருக்கிறது. சீக்கிரம் ஒன்று அமையட்டும்.

நான் கணக்குத் துறையில் முப்பது வருடம் இருந்தவன். ரெக்கன்சிலியேஷன் என்றால் எங்களுக்குப் பாஸ்புக்கையும் பேரேட்டையும் ஒப்பிட்டு நேர் செய்வது. அமெரிக்க நாடாளுமன்றத்திலும் அதே பொருளில்தான் ஆரம்பித்தது. 1974 பட்ஜெட் சட்டத்தில் இதற்கு இடம் வைத்தார்கள். முதலில் இரு சபைகளும் சேர்ந்து இவ்வளவு வரவு, இவ்வளவு செலவு என்று ஒரு தீர்மானம் போடும். அந்த இலக்குக்கு ஏற்ப, இருக்கிற சட்டங்களைத் திருத்திக் கணக்கை நேர் செய்யும்படி குழுக்களுக்கு உத்தரவு போகும். குழுக்கள் கொண்டுவருகிற மசோதாதான் ரெக்கன்சிலியேஷன் மசோதா. முதன்முதலில் பயன்பட்டது 1980-ல்.

செனட்டில் சாதாரண மசோதா என்றால் விவாதத்தை முடிக்கவே 100-க்கு 60 ஓட்டு வேண்டும். கிடைக்காவிட்டால் எதிர்க்கட்சி பேச்சை இழுத்தே மசோதாவைக் கொன்றுவிடலாம். அதுதான் ஃபிலிபஸ்டர். ரெக்கன்சிலியேஷன் மசோதாவுக்கோ விவாதம் 20 மணி நேரம்தான் என்று சட்டமே வரம்பு கட்டிவிட்டது. நேரம் முடிந்தால் ஓட்டெடுப்பு. 51 போதும். 50-50 என்று வந்தால் துணை ஜனாதிபதி ஒரு ஓட்டுப் போடுவார்.

60 எந்தக் கட்சிக்கும் சுலபத்தில் அமைவதில்லை. அதனால் பெரிய சரக்கெல்லாம் இந்த வண்டியில் ஏறிக்கொள்கிறது. 1997-ல் குழந்தைகளுக்கான சிப் காப்பீட்டுத் திட்டம் பிறந்ததும் இப்படித்தான், பட்ஜெட்டைச் சமன் செய்யும் சட்டத்துக்குள்.

மாட்டுத்தாவணி:

ஐயா, அப்படியென்றால் 2010-ல் வந்த ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், அந்த ஒபாமாகேரே, பட்ஜெட் குறுக்கு வழியில் வந்ததுதானே? டிவியில் அப்படித்தான் சொல்வார்கள்.

பழைய கணக்கு:

பாதிதான் சரி. அந்தப் பாதியைச் சரியாகப் பிரித்துப் பார்க்காததால்தான் இத்தனை வருடமாகச் சண்டை ஓயவில்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

2009 டிசம்பர் 24 காலையில் செனட் மூல மசோதாவை 60-39 என்று நிறைவேற்றியது. முழு 60 ஓட்டு. எந்தக் குறுக்கு வழியும் இல்லை. ஒபாமாவின் ஜனநாயகக் கட்சிக்கு அந்த 60 எப்படிச் சேர்ந்தது என்று பாருங்கள். ஏப்ரலில் ஆர்லன் ஸ்பெக்டர் கட்சி மாறி வந்தார். மினசோட்டாவில் மறு எண்ணிக்கையும் வழக்கும் முடிந்து ஜூலையில்தான் அல் ஃபிராங்கென் பதவியேற்றார். ஆகஸ்டில் டெட் கென்னடி மூளைப் புற்றுநோயில் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஒரு தற்காலிக உறுப்பினரை நியமித்த பிறகுதான் எண்ணிக்கை மறுபடி நிறைந்தது. 92 வயது செனட்டர் ராபர்ட் பேர்டைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இந்த ஓட்டு என் நண்பர் டெட் கென்னடிக்காக என்று சொல்லிவிட்டுத்தான் ஆம் என்றார்.

பிரதிநிதிகள் சபையோ நவம்பரிலேயே வேறொரு மசோதாவை 220-215 என்று நிறைவேற்றியிருந்தது. வழக்கமாக இரண்டையும் உட்கார்ந்து பேசி ஒன்றாக்குவார்கள். அதற்குள் 2010 ஜனவரி 19 வந்தது. கென்னடியின் மாசசூசெட்ஸ் தொகுதியில் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் ஜெயித்தார். 60 என்பது 59 ஆனது. இனி எதை மாற்றி செனட்டுக்கு அனுப்பினாலும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

அப்போது எடுத்த வழிதான் முக்கியம். செனட் மசோதாவை ஒரு கமாவும் மாற்றாமல் பிரதிநிதிகள் சபை 219-212 என்று ஏற்றுக்கொண்டது. அது மார்ச் 21. 23-ம் தேதி ஒபாமா கையெழுத்துப் போட்டார். மாற்ற வேண்டியவற்றைத் தனியாக இன்னொரு மசோதாவில் வைத்து ரெக்கன்சிலியேஷனில் அனுப்பினார்கள். மோட்டார் சைக்கிளோடு ஒட்டிய சைடுகார் என்றுதான் அதைச் சொன்னார்கள். மானியத்தைக் கூட்டியது, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரின் மருந்துத் திட்டத்தில் நடுவே விழுந்த ஓட்டையை அடைக்க ஏற்பாடு செய்தது, நெப்ராஸ்காவுக்கு மட்டும் கொடுத்திருந்த தனிச்சலுகையை எடுத்தது, எல்லாம் அதில்தான். செனட்டில் 56-43. மாணவர் உதவித்தொகை தொடர்பான இரண்டு சின்ன வாசகங்கள் விதிக்கு ஒத்துவராமல் அடிபட்டன. அந்த இரண்டு வரிக்காகவே மசோதா மறுபடி பிரதிநிதிகள் சபைக்குப் போய்த் திரும்பியது. மார்ச் 30-ல் கையெழுத்து.

ஆக, வீடு 60 ஓட்டில் கட்டியது. பழுது பார்த்தது 56 ஓட்டில்.

நெல்லைச்சீமை:

சார், உங்கள் விவரத்தில் தப்பில்லை. ஆனால் எனக்கு இதில் அடிப்படையிலேயே ஒப்புதல் இல்லை. கணக்கை நேர் செய்ய வைத்த வழியில் ஒரு நாட்டின் மருத்துவ முறையையே திருத்துவது சரியா? மாசசூசெட்ஸ் மக்கள் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றார்கள். உடனே 60 ஓட்டு தேவைப்படாத வழியைத் தேடினார்கள். நாளைக்கு எதிர்த் தரப்பு இதே வழியில் எல்லாவற்றையும் பிடுங்கினால் அப்போது யாரைக் குறை சொல்வீர்கள்? 60 என்ற விதி எரிச்சலாக இருக்கலாம். ஆனால் இரு தரப்பும் சேர்ந்து போடுகிற சட்டம்தான் நிலைக்கும். 1965-ல் மெடிக்கேருக்குக் குடியரசுக் கட்சிக்காரர்களும் ஓட்டுப் போட்டார்கள். இன்றைக்கு அதை ஒழிப்பேன் என்று எவரும் மேடையில் பேசுவதில்லை.

பழைய கணக்கு:

நெல்லைச்சீமை, நீங்கள் சொன்ன கவலை பேர்டுக்கும் இருந்தது. 1993-ல் கிளின்டனின் காப்பீட்டுத் திட்டத்தை ரெக்கன்சிலியேஷனில் சேர்க்கச் சொல்லிக் கேட்டபோது, சொந்தக் கட்சி ஜனாதிபதி என்றும் பாராமல் அவர் முடியாது என்றார். அந்தத் திட்டம் அடுத்த வருடம் செத்துப்போனது.

அதற்கும் முன்பே அவர் ஒரு பூட்டுப் போட்டிருந்தார். பேர்ட் விதி. வரவிலோ செலவிலோ மாற்றம் உண்டாக்காத எதுவும் இந்த மசோதாவில் இருக்கக் கூடாது. பண மாற்றம் பேருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கூடாது. பட்ஜெட் காலத்துக்கு அப்பால் பற்றாக்குறையைக் கூட்டக் கூடாது. அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியைத் தொடவே கூடாது. எந்த வரி தேறும், எது தேறாது என்று செனட்டின் விதி ஆலோசகரான பார்லிமென்டேரியன் வரி வரியாகப் பார்த்துச் சொல்வார். அதை மீற வேண்டுமென்றால் மறுபடி 60 ஓட்டு.

வைகைக்கரைத் தம்பிக்கு ஒரு செய்தி. அந்தப் பேர்ட் விதி முதலில் சட்டமானது எங்கே தெரியுமா? உங்கள் கையில் இருக்கிற அதே கோப்ரா சட்டத்துக்குள். வேலை போனவருக்குக் காப்பீட்டைத் தொடரும் உரிமையும், இனிமேல் இந்த மாதிரிச் சரக்கை ஏற்றாதே என்ற பூட்டும் ஒரே சட்டத்தில் வந்தன. 1990-ல் அந்தப் பூட்டு நிரந்தரமானது.

வைகைக்கரை:

படித்துவிட்டு மறுபடி கடிதத்தை எடுத்துப் பார்த்தேன் ஐயா. ஒரு சந்தேகம். தனியார் கம்பெனிகள் முன்னாள் ஊழியரைக் காப்பீட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் வரவு செலவு இல்லையே. அது எப்படி பட்ஜெட் மசோதாவில் ஏறியது?

பழைய கணக்கு:

நல்ல கேள்வி. வரி உடை போட்டுக்கொண்டு ஏறியது. இந்தச் சலுகையைக் கொடுக்காத கம்பெனிக்கு ஊழியர் காப்பீட்டுச் செலவில் கிடைக்கும் வரிக்கழிவு கிடையாது என்றுதான் முதலில் எழுதினார்கள். 1988-ல் அதை மாற்றி, விடுபட்ட ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 100 டாலர் வரி என்றார்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் பொருந்தும். 18 மாதம் வரை தொடரலாம். முழுப் பிரீமியமும் அதன் மேல் நிர்வாகச் செலவுக்கு 2 சதவீதமும் உங்கள் கையிலிருந்து. உங்கள் 2,140 டாலர் அப்படி வந்ததுதான்.

அந்தச் சட்டத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. காசில்லை என்று அவசர நோயாளியை ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது என்கிற விதி. மெடிக்கேர் பணம் வாங்குகிற ஆஸ்பத்திரிகளுக்கு நிபந்தனையாக வைத்தார்கள். பட்ஜெட் சட்டம் என்ற பெயரில் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மருந்துச்சீட்டு:

நான் டெக்சாஸில் ஒரு மருந்துக்கடையில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். இந்தப் பேர்ட் விதியைப் புத்தகத்தில் படிக்கவில்லை. கவுன்டரில் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். முன்னால் ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும். இன்சுலின் பேனா வாங்கினார். மெடிக்கேர். 35 டாலர் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்து நின்ற பெண்ணுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அதே கம்பெனி, அதே பேனா. தனியார் காப்பீடு, வருடத் தொடக்கம், காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய டிடக்டிபிள் இன்னும் கழியவில்லை. திரையில் வந்த தொகையைப் பார்த்துவிட்டு, பாதிப் பெட்டி மட்டும் தர முடியுமா என்று கேட்டார். அப்புறம் ஒரு தள்ளுபடிக் கார்டைத் தேடிப் போட்டுக் கொடுத்தோம். ஆனால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட குரல் எனக்கு இன்னும் போகவில்லை.

2022-ல் ரெக்கன்சிலியேஷனில் வந்த சட்டத்தின் முதல் வரைவில் 35 டாலர் வரம்பு இருவருக்குமே இருந்தது. மெடிக்கேர் அரசாங்கப் பணம், ஆகவே தேறியது. தனியார் காப்பீட்டுக்கான வரம்பு பேர்ட் விதியில் மாட்டியது. விதியைத் தள்ளிவைக்க ஓட்டெடுத்தார்கள். 57-43. ஏழு குடியரசுக் கட்சியினரும் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். 57 பேர் வேண்டும் என்று சொன்ன ஒன்று, 43 பேர் வேண்டாம் என்றதால் இல்லாமல் போனது.

நெல்லைச்சீமை அண்ணா, இரு தரப்பும் சேர்ந்தால் நிலைக்கும் என்கிறீர்கள். அன்றைக்கு இரு தரப்பும் சேர்ந்துதான் இருந்தது. போதவில்லை.

நெல்லைச்சீமை:

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு சட்டென்று பதில் எழுத முடியவில்லை. அந்த 57-ஐ நான் கவனித்ததில்லை. 60 என்பதை நான் நியாயப்படுத்தும்போது அந்தப் பெண்ணையும் எண்ணத்தான் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

வைகைக்கரை:

இப்போது எனக்கு ஒரு உருவம் தெரிகிறது. தப்பென்றால் திருத்துங்கள்.

இந்த வழியில் பணத்தைத் தொடலாம், விதியைத் தொட முடியாது. மானியத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், வரியைப் போடலாம், எடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று காப்பீட்டை மறுக்காதே, பிள்ளைகளை 26 வயது வரை பெற்றோர் திட்டத்தில் சேர்த்துக்கொள் என்பதெல்லாம் அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் வராத கட்டளைகள். அவை 60 ஓட்டில் வந்ததால்தான் வந்தன. அதே காரணத்தால்தான் பின்னால் அவற்றைப் பிடுங்கவும் முடியவில்லை.

2017-ஐப் படித்தபோது இது இன்னும் துலங்கியது. அந்த ஜூலை 28 பின்னிரவில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டினார், 49-51 என்று அவர் கட்சியின் ஒபாமாகேர் ரத்து மசோதா விழுந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். டிசம்பரில் வரிச் சட்டத்துக்குள் நடந்ததைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை. காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டளையைக் குடியரசுக் கட்சியினரால் நீக்க முடியவில்லை. அது விதி. அபராதத் தொகையை மட்டும் 695 டாலரிலிருந்து 0 ஆக்கினார்கள். அது பணம். இன்றைக்கும் சட்டப் புத்தகத்தில் கட்டளை அப்படியே இருக்கிறது, மீறினால் 0 டாலர்.

பொது மக்களுக்காக எழுதும் சட்டம் இப்படிக் கணக்குப் பிள்ளையின் பேனாவுக்கு ஏற்ப வளைந்து வர வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆற்றாமை. எது நல்லது என்று கேட்பதற்கு முன், எது தேறும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பழைய கணக்கு:

சரியாகப் பிடித்துவிட்டீர்கள் தம்பி. அந்த 0 டாலரை வைத்தே டெக்சாஸ் முதலிய மாநிலங்கள், அபராதம் வரியாக இல்லாதபோது முழுச் சட்டமும் செல்லாது என்று வழக்குப் போட்டன. வழக்குத் தொடுக்க அவர்களுக்குத் தகுதியில்லை என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று தள்ளியது.

வரைவுப் பிழையும் இந்த வழியின் விலைதான். 2010-ல் செனட் வாசகத்தை அப்படியே ஏற்றார்கள் என்றேன் அல்லவா? மாநிலம் அமைத்த காப்பீட்டுச் சந்தையில் வாங்கினால் மானியம் என்று ஓர் இடத்தில் இருந்தது. மத்திய அரசு அமைத்த சந்தையில் வாங்கியவருக்கு உண்டா இல்லையா? அந்தச் சில வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. லட்சக்கணக்கானவர்களின் மானியம் 2015 வரை தொங்கலில் நின்றது. 6-3 என்று தப்பியது.

மாட்டுத்தாவணி:

நம் ஊர் பண மசோதா போலத்தான் தெரிகிறது. அரசியல் சாசனத்தின் 110-வது பிரிவில் வந்துவிட்டால் மாநிலங்களவை தடுக்க முடியாது. 2016-ல் ஆதாரை அப்படித்தான் நிறைவேற்றினார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றமும் 4-1 என்று ஏற்றது.

பழைய கணக்கு:

குடும்பச் சாயல் உண்டு. ஆனால் அங்கே பண மசோதாவா இல்லையா என்று முழு மசோதாவுக்கும் சேர்த்துச் சபாநாயகர் ஒரே முத்திரை குத்துகிறார். இங்கே ஒவ்வொரு வரியும் தனித்தனியாகச் சோதனைக்குப் போகிறது. 2021-ல் 15 டாலர் குறைந்தபட்சக் கூலி அப்படித்தான் வெளியே விழுந்தது. ஆளுங்கட்சியே கொண்டுவந்த வரி அது.

தென்றல்வீடு:

நான் ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவில் இருக்கிறேன். நெல்லைச்சீமை முதலில் கேட்டாரே, எதிர்த் தரப்பு இதே வழியில் பிடுங்கினால் என்று. அது நடந்தேவிட்டது. 2025 ஜூலை 1, குடியரசுக் கட்சியின் ரெக்கன்சிலியேஷன் மசோதா, செனட்டில் 50-50, துணை ஜனாதிபதி வான்ஸின் ஓட்டில் 51. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் 2027 தொடக்கத்துக்குள் மாதம் 80 மணி நேரம் வேலை அல்லது அதற்கு ஈடானதைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. செலவைக் குறைக்கிறது, ஆகவே தேறியது. இந்தச் சட்டத்தால் 2034-க்குள் சுமார் 1 கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் இருப்பார்கள் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்குச் சொல்கிறது.

மறுபக்கம், சந்தைக் காப்பீட்டுக்கு 2021-ல் கூட்டிக் கொடுத்த மானியம். செலவுக் கணக்கு எகிறும் என்று இரண்டு வருடத்துக்கு மட்டும் போட்டார்கள். 2022-ல் மூன்று வருடம் நீட்டினார்கள். 2025 டிசம்பரோடு முடிந்தது. நீட்டிக்க அந்த மாதம் செனட்டில் ஓட்டெடுத்தார்கள். 51-48. பெரும்பான்மை இருந்தும் விழுந்தது, ஏனென்றால் இந்த முறை சாதாரண வழி, 60 வேண்டும்.

பிடுங்க 51 போதுமாக இருந்தது. காப்பாற்ற 51 போதவில்லை. இதை என் மேசையில் உட்கார்ந்து, பிரீமியம் ஏறிவிட்டது, விட்டுவிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு எப்படி விளக்குவது? எனக்கு இந்த வழி வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சிப் திட்டத்தில் வருகிற குழந்தைகளின் பெயர்களைத் தினமும் தட்டச்சு செய்கிறேன். ஆனால் காலாவதித் தேதி போட்டுக் கொடுக்கிற மானியத்தை உரிமை என்று நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

வைகைக்கரைத் தம்பி, உங்களுக்கு ஒரு வேலை. கோப்ராவைத் தேர்வு செய்ய 60 நாள் உண்டு. முதல் பணம் கட்ட அதன் பிறகு 45 நாள். கட்டினால் காப்பீடு முடிந்த நாளிலிருந்தே செல்லும். அதனால் இன்றே கையெழுத்துப் போட வேண்டாம். சந்தைக் காப்பீட்டுக்கும் பழைய காப்பீடு முடிந்த நாளிலிருந்து 60 நாள்தான். அதை விடாதீர்கள். கோப்ரா எடுத்துவிட்டு நடுவில் நீங்களாக நிறுத்தினால், அடுத்த பொதுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டிவரும். நீங்கள் ஹெச்-1பியா?

வைகைக்கரை:

இல்லை அக்கா, கிரீன் கார்டு வந்துவிட்டது. ஏன்?

தென்றல்வீடு:

2025 சட்டத்தில் அதுவும் இருக்கிறது. 2027 ஜனவரியிலிருந்து ஹெச்-1பியில் இருப்பவர்களுக்குச் சந்தை மானியம் கிடையாது. கிரீன் கார்டுக்கு உண்டு. ஆனால் இந்த வருட மொத்த வருமானம், நீங்கள் வேலை பார்த்த மாதங்களின் சம்பளமும் சேர்த்து, வறுமைக் கோட்டின் 400 சதவீதத்தைத் தாண்டினால் மானியம் ஒரு டாலர்கூட வராது. அந்த எல்லை மறுபடி வந்துவிட்டது. முதலில் அதைக் கணக்குப் போடுங்கள்.

வைகைக்கரை:

போட்டேன். இதுவரை வாங்கிய சம்பளம், பிரிவுத்தொகை, விடுப்புப் பணம் எல்லாம் சேர்த்தால் எல்லைக்கு 3,000 டாலர் உள்ளே இருக்கிறேன். அடுத்த மாதமே வேலை கிடைத்தால் தாண்டிவிடுவேன். தாண்டினால் வாங்கிய மானியத்தை வரித் தாக்கலில் திருப்பிக் கட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறது. வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

சின்னவளுக்கு இன்ஹேலர் 14-ம் தேதி தீர்கிறது. அதற்குள் முடிவு செய்ய வேண்டும். கோப்ரா படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடாமல் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருக்கிறேன். நாளை காலை எட்டு மணிக்குச் சந்தைக் காப்பீட்டு உதவி எண்ணைக் கூப்பிடுகிறேன். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன் அக்கா.